நண்டுக்கூட்டுக்குச் சொந்தக்காரர்

அத்தியாயம் 6

"இந்தக் கடுதாசியில நண்டு எண்ட சொல்லே இல்ல, மிஸ்," என்றேன். "'பத்துக்கால் ஓட்டுடலி' எண்டுதான் இருக்கு. தன்னைத்தான் சொல்றாங்க எண்டு நண்டுக்கே விளங்காது."

ஸுல்பிகா சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் காப்புறுதிக் கம்பனியில் விசாரணை அதிகாரியாக இருந்தவர் அவர். கடை எரிவதற்கு முதல் நாள் முதலாளி பூனையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனதை வைத்தே தீ வைத்தவரைப் பிடித்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டுத் தில்லையடியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் 'தனியார் விசாரணைகள்' என்று பலகை மாட்டினார். மேலே ஏறி வருகிறவர்களில் பாதிப்பேர் கழிவறைக் கொமட் விலைதான் கேட்பார்கள்.

நான் சாள்ஸ். சிலாபத்தான். முப்பத்தொரு வருஷம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளன். பொய் மூன்று மொழியிலும் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்ததால் ஓய்வுக்குப் பிறகு இந்த வேலை கிடைத்தது.

எதிரே கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தவர் ஜப்பார். தொண்ணூறாம் ஆண்டு வெளியேற்றத்தில் மன்னாரிலிருந்து ஒரு சொப்பிங் பையோடு வந்து சேர்ந்தவர். இப்போது கற்பிட்டிப் பக்கம் ஏத்தாளையில் கடலேரிக் களப்பில் நண்டு பிடிக்கிறவர், அங்கே மீனவர் சங்கத் தலைவர். தலைவர் ஆனதற்குக் காரணம் ஒரு கூடு. புத்தளம் களப்பு முழுக்க அதற்கு 'ஜப்பார் கூடு' என்றுதான் பெயர்.

"விஷயம் என்ன, சாள்ஸ் அண்ணன்? சுருக்கமாச் சொல்லுங்க," என்றார் ஸுல்பிகா.

"சுருக்கமா எண்டால், ஜப்பார் நானாட கூடு இப்ப ஜப்பார் நானாட இல்லையாம்."

ஜப்பார் நெற்றியைத் தடவினார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

நம்முடைய நாடும் இன்னொரு நாடும் போன வருஷம் ஒரு சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. கைகுலுக்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. முதல் பக்கத்தை எல்லோரும் வாசித்தார்கள். அதில் வரி குறையும் என்று இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை வாசிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதில் இருந்தது பதினோராம் அத்தியாயம், புலமைச் சொத்து. அந்த நாட்டில் ஒரு கம்பனியின் கண்டுபிடிப்புக்கு ஆக்கவுரிமை கிடைத்திருந்தால் அதை அப்படியே இங்கேயும் பதியலாம். இங்கே மறுபடி பரிசோதிக்கத் தேவையில்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் அரச வர்த்தமானி அறிவித்தலிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் கொழும்புக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

அறிவித்தல் ஆங்கிலத்தில் வந்திருந்தது. களப்புக்காரர்கள் காலையில் வர்த்தமானியை வாசித்துவிட்டுத்தானே தோணியில் ஏறுகிறார்கள்!

"இண்டைக்கு எத்தனையாவது நாள்?" என்று ஸுல்பிகா கேட்டார்.

"எண்பத்தொன்பது."

"அப்ப நாளைக்கு மட்டும் இருக்கு. கம்பனி எது?"

"அக்வொரிஸ்டா இன்டர்நெஷனல். கூடு இனி அவங்கட கண்டுபிடிப்பு. கட்டுறதெண்டால் கூட்டுக்கு இவ்வளவு எண்டு உரிமக் கட்டணம். கட்டணம் இல்லாத கூட்டால பிடிச்ச நண்டை அங்க துறைமுகத்திலயே தடுப்பாங்களாம். பாவம் நண்டு, தன்னைப் பிடிச்ச கூட்டுக்கு உரிமம் இருக்கா எண்டு கேட்டுட்டா உள்ள போகும்?"

"எங்கட நண்டு முழுக்க அந்த நாட்டுக்குத்தான் மிஸ் போகுது," என்றார் ஜப்பார். "நூத்தி நாப்பது குடும்பம் இருக்கு."

கூடு என்பது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கம்பிச் சட்டம், வலை, உள்ளே இரை. புதிது என்னவென்றால் பக்கத்தில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் தகடு. பழைய எண்ணெய்க் கானில் வெட்டியது. அதில் நீள்வட்டமாக ஒரு வாசல். சின்ன நண்டு அதால் வெளியே போய்விடும். பெரிய நண்டு மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் அது வந்த பிறகு களப்பில் குஞ்சு நண்டு சாவது குறைந்தது, பிடிபடும் நண்டு பெருத்தது.

ஸுல்பிகா கடுதாசியோடு வந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். வாசலின் வலது ஓரத்தில், நக அளவுக்குச் சதுரமாக ஒரு சின்ன வெட்டு இருந்தது.

"இது என்ன?"

நான் மொழிபெயர்த்தேன். "'நீரோட்டச் சமநிலைக் குழிவு.' அதைப் பற்றி மட்டும் ஒண்டரைப் பக்கம் எழுதியிருக்காங்க."

"நானா, உங்கட கூட்டிலயும் இந்த வெட்டு இருக்கா?"

"ஓம். எல்லாத்திலயும் இருக்கு."

"எதுக்கு?"

"அது... அப்படித்தான் வந்திச்சு. என்னவோ ஒரு சாமானை வச்சுக் கோடு போட்டது."

"என்ன சாமான்?"

ஜப்பார் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தகுந்தது எதுவும் இல்லை, கீழ்க்கடையின் தண்ணீர்த் தாங்கியைத் தவிர. "ஞாபகம் இல்ல மிஸ். எட்டு வருஷமாச்சு."

ஸுல்பிகா என்னைப் பார்த்தார். பூனையைப் பற்றிக் கேட்டபோது அந்த முதலாளியும் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்திருப்பார்.

"கம்பனி அங்க விண்ணப்பம் போட்டது எப்ப?"

"ரெண்டாயிரத்து இருபது."

"அதுக்கு முந்தி இந்தக் கூடு ஊருக்குத் தெரிஞ்சிருந்தது எண்டு காட்டினாப் போதும். புதுசு இல்லாததுக்கு ஆக்கவுரிமை இல்ல. பழைய கூடு ஒண்டாவது இருக்கா, நானா?"

"உப்புத் தண்ணியில கூடு ரெண்டு வருஷம்தான் மிஸ் தாங்கும். இப்ப இருக்கிறதில முக்கால்வாசி இருபதில இருந்து அவங்கட 'வாழ்வாதாரத் திட்டம்' வருஷா வருஷம் குடுத்தது. கம்பனிப் பெயர் அடிச்சே இருக்கு."

"குடுத்தது ஆர்?"

"றஸீன். கம்பனிட ஆள். பத்தொன்பதில படமெடுக்க வந்தார். 'நானா, உங்கட திறமை உலகத்துக்குத் தெரியணும்' எண்டு ஒரு கூட்டையும் கொண்டு போனார்."

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார்," என்றேன். "உலகத்துக்குத் தெரிஞ்சு போச்சு. பேர்தான் மாறிட்டு."

"வாய்ச்சாட்சி சரிவராது," என்று ஸுல்பிகா எழுந்தார். "நூத்தி நாப்பது பேரும் லாபத்துக்காகச் சொல்றாங்க எண்டு ஒரு வரியில தள்ளிடுவாங்க. திகதியோட ஒரு அத்தாட்சி வேணும். வாங்க, ஏத்தாளைக்குப் போவம்."

*

பாலாவி தாண்டி உப்பளங்களின் வெள்ளை கண்ணைக் குத்தியது. என் பழைய மோட்டார் சைக்கிள் ஸுல்பிகாவின் ஸ்கூட்டியைத் துரத்த, ஜப்பார் தன் பைக்கில் முன்னால் போனார்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. வாசலில் கம்பனிப் பதாகை. அதில் ஒரு மீனவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை இந்தக் களப்பில் யாரும் பார்த்ததில்லை. அவர் கையிலிருந்த நண்டும் நம்முடைய நண்டு இல்லை. உள்ளே எல்லோருக்கும் ஒரு பெட்டிஸும் ஒரு சோடாவும். மேசைக்குப் பின்னால் இஸ்திரி மடிப்புக் கலையாத சேர்ட்டில் றஸீன். அவர் முன்னால் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு தொடுதிரை டெப்.

"தலைவர் வந்திட்டார்!" என்று அவர் எழுந்தார். "வாங்க ஜப்பார் நானா. உரிமப் படிவத்தில முதல் கையெழுத்து உங்கட. தலைவர் போட்டாத்தான் மத்தவங்களும் போடுவம் எண்டு சொல்றாங்க. அசர் தொழுகைக்கு முந்தி முடிச்சா முதல் வருஷம் பாதிக் கட்டணம்."

"எங்கட சொந்தக் கூட்டுக்குப் பாதிக் கட்டணமா? அல்லாட காவல்!" என்றது பின்வரிசை.

ஸுல்பிகா மேசையிலிருந்த மாதிரிக் கூட்டைத் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இந்தச் சின்னச் சதுர வெட்டு எதுக்கு?"

"நீரோட்டச் சமநிலைக் குழிவு, மேடம். மூணு கலாநிதிகள் பதினெட்டு மாசம் ஆய்வு செஞ்சது."

"மூணு பேருமா? இந்த நக அளவு ஓட்டைக்கா?"

"அது இல்லாட்டி சின்ன நண்டு வாசலைக் கண்டுபிடிக்காது."

"சாள்ஸ் அண்ணன், வாசல்ல இருக்கிற நண்டு வாளியில இருந்து ஒரு குஞ்சு எடுங்க."

எடுத்தேன். எடுத்ததற்கு அது என் விரலில் ரசீது கொடுத்தது. ஸுல்பிகா அந்த வெட்டை ஒரு விரலால் முழுக்க மூடிக்கொண்டு நண்டைக் கூட்டுக்குள் விட்டார். நண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு பக்கவாட்டில் நடந்து, வாசலால் இறங்கி, றஸீனின் டெப் மீது ஏறி நின்றது.

"இது ஆய்வறிக்கை வாசிக்காத நண்டு," என்றேன்.

மண்டபம் சிரித்தது. றஸீனும் சிரித்தார், கடைசியாக. "தரையில இல்ல மேடம், தண்ணிக்குள்ள பார்க்கணும். நீங்க எழுத்தில ஏதாவது வச்சிருந்தா நாளைக்குக் கொழும்பில குடுங்க. பதினோராம் அத்தியாயம் எல்லாருக்கும் பொதுதானே."

வெளியே வந்ததும் ஸுல்பிகா சொன்னார்: "பிரயோசனம் இல்லாத வெட்டு அது. ஒருத்தரும் யோசிச்சு வெட்டினதில்ல. கோடு போட்ட சாமான்ல என்னவோ துருத்திக்கொண்டு இருந்திருக்கு. அதையும் சேர்த்துக் கோடு போட்டிருக்காங்க. பிறகு ஊரே அதைப் பார்த்து வெட்டியிருக்கு. கம்பனியும்தான்."

"மூணு கலாநிதியும் சேர்ந்து கொப்பியடிச்சிருக்காங்க. என்ட காலத்தில அதுக்குச் சோதனை மண்டபத்தை விட்டு வெளிய அனுப்புவாங்க."

"சாமானைப் பிடிச்சா வழி தெரியும். நானாட வீட்டுக்குப் போவம்."

*

ஜப்பாரின் மனைவி ஸுஹைரா எங்களைக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். முற்றத்தில் கம்பிச் சட்டங்களும் வலைத்துண்டுகளும். கை கழுவுவதற்கு என்று குழாயடிக்குப் போன ஸுல்பிகா அங்கேயே நின்றுவிட்டார்.

"சாள்ஸ் அண்ணன்."

குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ரோஸ் நிறச் சவர்க்காரப் பெட்டி. உள்ளே சவர்க்காரம் இருந்தது, மூடி இல்லை. மூடி எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. கொட்டில் சுவரில் ஆணியில் வலை நூலால் கட்டித் தொங்கியது. சுற்றிலும் கத்திக் கீறல், மார்க்கர் மை. ஒரு பக்கத்தில், மூடியைப் பெட்டியோடு சேர்க்கும் பிணைச்சல் துண்டு, நக அளவுக்குச் சதுரமாகத் துருத்திக்கொண்டிருந்தது.

நான் கம்பனியின் அசல் அளவுப் படத்தை விரித்து மேலே வைத்தேன். ஒரு மில்லிமீற்றர் மிச்சமில்லாமல் பொருந்தியது. நீரோட்டச் சமநிலைக் குழிவு என்பது சவர்க்காரப் பெட்டியின் பிணைச்சல்!

"நானா," என்றார் ஸுல்பிகா, "கண்ணுக்கு முன்னால எட்டு வருஷமாத் தொங்குற சாமானை எப்படி மறந்தீங்க?"

ஜப்பார் சாரனின் நுனியைச் சரிசெய்தார். "சங்கத் தலைவர் சவர்க்காரப் பெட்டியை வச்சுக் கண்டுபிடிச்சார் எண்டு சொல்லவா மிஸ்? வெக்கம்தானே."

"சரி, அதால என்ன. ஒண்டு வெட்டிக் காட்டுங்க."

ஜப்பார் ஒரு கான் தகட்டை எடுத்தார். வளைவு வெளியே, கட்டுத் துளை இரண்டும் மேலே. மூடியை அதன்மேல் வைத்து, பிணைச்சல் துண்டை இடக்கை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் சுற்றிக் கோடு போட்டார். போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

சதுர வெட்டு இடது பக்கம் விழுந்திருந்தது.

ஸுல்பிகா முற்றத்தில் குவிந்திருந்த கூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் வெட்டு வலது பக்கம். கம்பனிப் படத்திலும் வலது பக்கம்.

அப்போது ஸுஹைரா தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை வலக்கையால்தான் நீட்டினார். சின்ன வயதில் இடக்கையால் நீட்டி அடி வாங்கியவர்கள் பிறகு அப்படித்தான் நீட்டுவார்கள். ஆனால் கோப்பை கொடுத்து முடித்ததும், கணவன் கோணலாகப் போட்ட கோட்டைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் குனிந்து, "அங்கால தள்ளுங்க, தகட்டை வீணாக்குறீங்க," என்று மார்க்கரை எடுத்தார்.

இடக்கையால்.

வலக்கை விரல் பிணைச்சலை அழுத்தியது. கோடு ஒரே மூச்சில் ஓடி முடிந்தது. வெட்டு வலது பக்கம் விழுந்தது.

ஸுஹைராதான் முதலில் விளங்கிக்கொண்டார். மார்க்கரைக் கீழே வைத்தார்.

"தாத்தா," என்றார் ஸுல்பிகா. எங்கள் பக்கத்தில் அது அக்காவைக் கூப்பிடுவது. "முதல் கூட்டை வெட்டினது ஆர்?"

ஸுஹைரா ஜப்பாரைப் பார்த்தார். ஜப்பார் தேத்தண்ணியைப் பார்த்தார்.

"அவருக்குக் கரைச்சல் குடுக்காதீங்க தங்கச்சி. நான்தான். காலையில கூடு வந்தா அவர் படுத்திருவார். நண்டைக் கழட்டுறது நான். அதில பாதி குஞ்சு. ஒண்டும் விலைபோகாது, கை நிறையக் கடிதான் மிச்சம். ஒரு நாள் எரிச்சல் வந்திச்சு. இந்தச் சனியன்கள் தானாப் போறதுக்கு ஒரு வாசல் வச்சா என்ன எண்டு, கைக்கு அம்பிட்டதை வச்சுக் கோடு போட்டன். கையில சவர்க்காரம் இருந்திச்சு."

"பிறகு?"

"பிறகென்ன. நண்டு பெருசாப் பட்டிச்சு. சங்கத்தில ஆர் செஞ்சது எண்டு கேட்டிருக்காங்க. இவர் தான்தான் எண்டு சொல்லிட்டு வந்திட்டார். அண்டைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. மன்னாரை விட்டு வந்த பிறகு அப்படிச் சிரிச்சு நான் பார்க்கல்ல. நான் என்னத்தச் சொல்ல?"

ஜப்பார் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"தாத்தா, இதைப் பற்றி ஆருக்காவது எழுதினீங்களா? சொந்தக்காரருக்கு ஒரு கடுதாசி? திகதியோட எதாவது?"

ஸுஹைரா உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. ஸுல்பிகா முன்னால் குனிந்தார். "தாத்தா. நூத்தி நாப்பது குடும்பம்."

அவர் உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம். சாரிகளுக்கு அடியில் கிடந்த பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், கணவனுக்குத் தூரமாக.

ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் பெண்கள் பக்கம். 2017 நவம்பர், பன்னிரண்டாம் திகதி. தலைப்பு: 'வாசகியர் வீட்டுக் குறிப்புகள்.' முதல் குறிப்பு, அரிசியில் வண்டு வராமல் இருக்க. மூன்றாம் குறிப்பு, கையில் வெங்காய மணம் போக. இரண்டுக்கும் நடுவில்:

'சின்ன நண்டுக்கு ஒரு சின்ன வாசல். சவர்க்காரப் பெட்டி மூடியைத் தகட்டில் வைத்துக் கோடு போட்டு வெட்டவும். கூட்டின் பக்கத்தில் கட்டவும். சின்ன நண்டு போய்விடும், இரையும் மிஞ்சும். இது நல்ல பலன் தரும். - ஸுஹைரா ஜப்பார், ஏத்தாளை.'

பக்கத்தில் அவரே கீறிய படம். வலது பக்கம் சதுர வெட்டு. அதைக்கூட விடாமல் கீறியிருந்தார்.

மூன்று கலாநிதிகள், பதினெட்டு மாதம், ஓர் ஆய்வுகூடம், ஒரு பன்னாட்டு உடன்படிக்கை. எல்லாவற்றையும் வெங்காய மணத்துக்கு மேலே இருந்த ஆறு வரி தோற்கடித்திருந்தது.

"பரிசு உண்டு எண்டு போட்டிருக்கே?" என்றேன்.

"ஆறு தேத்தண்ணிக் கோப்பை. இன்னும் வரல்ல."

"ஏன் தாத்தா ஒளிச்சு வச்சீங்க?"

"இவர் பேப்பர்ல விளையாட்டுப் பக்கம்தான் வாசிப்பார். தப்பிட்டன். பார்த்திருந்தா ஊருக்கு முன்னால எப்படித் தலை நிமிருவார்?"

ஜப்பார் எழுந்தார். அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்து, தூரமாகப் பிடித்து, உதடு அசைய வாசித்தார். மனைவியின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினார். பிறகு அதைக் கவனமாக உறைக்குள் போட்டு மேசையில் வைத்துவிட்டு, வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

"சங்கத்துப் பக்கம் போறார்," என்றேன்.

ஸுஹைரா வாசலுக்கு ஓடினார். "கையெழுத்துப் போடத்தான் போறார். உரிமம் எடுத்திட்டா இந்தப் பேப்பரை ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லத்தானே. என்ட அல்லாஹ், நான் காட்டியிருக்கக் கூடாது."

ஸுல்பிகா உறையைப் பைக்குள் வைத்தார். "ஏறுங்க தாத்தா."

*

நாங்கள் போய்ச் சேரும்போது ஜப்பார் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் றஸீனின் டெப். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. றஸீன் அவர் தோளில் கை வைத்திருந்தார்.

"இதில விரலால போட்டாப் போதும் நானா."

"கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி ஒரு கதை சொல்லணும்," என்றார் ஜப்பார். கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இந்தக் கூட்டை நான் கண்டுபிடிக்கல்ல."

யாரோ கையிலிருந்த சோடாப் போத்தலைக் கீழே வைத்தார்கள்.

றஸீன் இரண்டு கையையும் விரித்தார். இப்படி ஒரு பரிசை அவர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. "கேட்டீங்களா? தலைவரே சொல்லிட்டார்! எட்டு வருஷமா ஊரை ஏமாத்தின பொய் இண்டைக்கு முடிஞ்சுது. எல்லாரும் ஃபோன்ல பதிவு செஞ்சு வச்சுக்கொள்ளுங்க. இது ஜப்பார் கூடு இல்ல!"

"ஓம்," என்றார் ஜப்பார். "பதிவு செய்ங்க. பொய் சொன்னது நான்தான். கம்பனியும் கண்டுபிடிக்கல்ல. செஞ்சது என்ட பொண்டாட்டி. ரெண்டாயிரத்துப் பதினேழில பேப்பர்ல போட்டிருக்கா, பேரோட, படத்தோட. பேப்பர்ல வந்தது எனக்கே அரை மணித்தியாலத்துக்கு முந்தித்தான் தெரியும். ஒருத்தரும் கையெழுத்துப் போடாதீங்க."

டெப்பை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

இன்னும் விரிந்தே இருந்த கைகளை என்ன செய்வதென்று றஸீனுக்குத் தெரியவில்லை. ஒருவாறு மடக்கிக்கொண்டார். ஸுல்பிகா முன்னால் போய் உறையை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தார், கைக்கு எட்டாத தூரத்தில்.

அவர் வாசித்தார். "இது பெண்கள் பக்கம் மேடம். விஞ்ஞான வெளியீடு இல்ல."

"பதினோராம் அத்தியாயம் எல்லாருக்கும் பொது எண்டு நீங்கதானே சொன்னீங்க. விண்ணப்பத்துக்கு முந்தி உலகத்தில எங்க, எந்த மொழியில அச்சாகியிருந்தாலும் அது புதுசு இல்ல. எந்தப் பக்கத்தில எண்டு அதில கேட்கல்ல."

"அந்தக் குழிவுக்கு..."

"பிணைச்சலுக்கு," என்றேன் நான். "சவர்க்காரப் பெட்டிட பிணைச்சலுக்கு உங்கட கலாநிதிகள் ஒண்டரைப் பக்கம் எழுதியிருக்காங்க. மிச்சப் பெட்டிக்கும் எழுதச் சொல்லுங்க, குளியலறைத் துறையில நல்ல எதிர்காலம் இருக்கு."

றஸீன் டெப்பைத் துடைத்துப் பைக்குள் போட்டார். பதாகையைக் கழற்ற மறந்து போனார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ஜப்பாரைப் பார்த்துக் கேட்டது: "அப்ப எங்கட தலைவர் எங்களுக்குப் பொய் சொல்லித்தான் தலைவரானாரா?"

"ஓம்," என்றார் ஜப்பார். "அதுக்கு ஒரு கூட்டம் வைங்க. வாறன்."

வாசலில் நின்ற ஸுஹைரா அவரைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அழுதாரா, சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷ மொழிபெயர்ப்பாளன் நான்.

*

பத்திரிகைப் பக்கத்தை எங்களிடம் கொடுக்க ஸுஹைரா மறுத்துவிட்டார். "நானும் வாறன்" என்றார். அதனால் அடுத்த நாள் காலை சிலாபத்தில் ரயில் ஏறியது நாலு பேர். ஜப்பார் எதிர் ஆசனத்தில், மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வென்னப்புவை தாண்டும்போது ஸுல்பிகா மெதுவாகச் சொன்னார்: "தாத்தா, ஒரு விஷயம் மறைக்கக் கூடாது. இந்தப் பேப்பர் கம்பனிட உரிமையை உடைக்கும். ஆனா உங்கட உரிமையையும்தான். நீங்களே அச்சில போட்டதால இனி நீங்களும் ஆக்கவுரிமை எடுக்க ஏலாது. இது ஒருத்தருக்கும் சொந்தமில்ல."

ஸுஹைரா அவரை விசித்திரமாகப் பார்த்தார். "ஒளிச்சு வைக்கிறதெண்டால் நான் ஏன் தங்கச்சி பேப்பருக்கு எழுதுறன்? எல்லாரும் செய்யட்டும் எண்டுதானே குறிப்பு எழுதுறது."

பதினோராம் அத்தியாயத்தை நான் இரண்டு தரம் வாசித்தேன். இந்த ஒரு வசனத்துக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை.

கொழும்பு அலுவலகத்தில் ஆட்சேபப் படிவத்தை வாங்கிய உத்தியோகத்தர் கண்ணாடியை மூக்கில் இறக்கி, பெண்கள் பக்கத்தை முழுக்க என்னை மொழிபெயர்க்க வைத்தார். வெங்காயக் குறிப்பையும் சேர்த்து. பிறகு சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"படிவத்தில ஏழாவது கூண்டு வெறுமையா இருக்காம் தாத்தா. இந்தக் கண்டுபிடிப்புக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு எண்டு எழுதணுமாம்."

ஜப்பார் வாயைத் திறந்தார். ஸுஹைரா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கொஞ்சம் யோசித்தார்.

"காலையில கூட்டைத் துப்பரவாக்கிறது நான்," என்றார்.

நான் மொழிபெயர்த்ததும் உத்தியோகத்தர் பேனாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தார், இதைச் சட்ட மொழியில் எப்படி எழுதுவது என்ற பாவனையில்.

"அப்படியே எழுதுங்க, ஐயா," என்றேன்.